இன்றைக்கு அனுப்பலாமா, பொறுக்கலாமா?

சிங்கப்பூரில் மாத முதல் வாரம் வந்துவிட்டால் நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் பேச்சு ஒன்றுதான். "ரேட் என்ன ஓடுது?" ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, எத்தனை ரூபாய் என்பதுதான் கேள்வி. எம்.ஆர்.டி. ரயிலில் கேட்பார்கள், தேக்கா மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது கேட்பார்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது இங்கே சட்டம். அதனால் ஏறக்குறைய ஒரே வாரத்தில் எல்லார் கணக்கிலும் காசு ஏறும், எல்லாருக்கும் அந்தக் கேள்வியும் சேர்ந்தே வரும்: இன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடலாமா, ரெண்டு நாள் பொறுத்தால் பத்து பைசா கூடக் கிடைக்குமா?

2013-க்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிறேன். கட்டடப் பராமரிப்பு வேலை. அம்மா கும்பகோணம் பக்கம் இருக்கிறார். இத்தனை காலம் அனுப்பியதிலும், கூட இருந்தவர்கள் அனுப்பியதைப் பார்த்ததிலும் எனக்குப் பட்டது இதுதான்: ரேட்டைப் பார்த்து நாள் குறிப்பவர்களைவிட, அந்த ரூபாய்க்கு ஊரில் எந்தத் தேதியில் வேலை இருக்கிறது என்று பார்த்து நாள் குறிப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரம் லாபமும் அவர்களுக்குத்தான்.

முதலில் அந்தப் பத்து பைசாவை எடுத்துக்கொள்வோம். 2,000 வெள்ளி அனுப்புகிறீர்கள் என்றால் பத்து பைசா வித்தியாசம் 200 ரூபாய். ரேட் 65 என்று வைத்துக்கொண்டால் இங்கே மூன்று வெள்ளிச் சொச்சம், ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. சாதாரண மாதங்களில் உச்சத்துக்கும் அடிக்கும் நடுவே ஒரு ரூபாய், மிஞ்சிப் போனால் ஒன்றரை ரூபாய் ஆடும். உச்சத்தைச் சரியாகப் பிடித்தவருக்கும் அடியில் மாட்டிக்கொண்டவருக்கும் 2,000 வெள்ளிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் வரும். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உச்சத்தை யாரும் மாதாமாதம் பிடிப்பதில்லை. பிடித்த மாதத்தை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

காத்திருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊரில் வீட்டுக் கடன் இருக்கிறது, வட்டி எட்டரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் வெள்ளியை அனுப்பி அசலில் கட்டாமல் ஒரு மாதம் வைத்திருந்தால், ரேட் 65-இல் ஒவ்வொரு வெள்ளிக்கும் அந்த மாதத்து வட்டி 46 பைசா. இங்கே சேமிப்புக் கணக்கில் இரண்டு சதவீதம் கிடைக்கிறது என்றால் 11 பைசா திரும்பி வரும். மீதி 35 பைசா. அதாவது ஒரு மாதத்தில் ரேட் 35 பைசாவுக்கு மேல் ஏறினால்தான் காத்திருந்ததில் அர்த்தம். ஏறாவிட்டால் நஷ்டம், இறங்கினால் இரட்டை நஷ்டம்.

இது வங்கிக் கடன் கதை. ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக ஊரில் நகையை வைத்து ரெண்டு வட்டிக்கு வாங்கிவிட்டு வந்த பையன்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய். அவர்களுக்கு ஒரு மாதக் காத்திருப்பின் விலை வெள்ளிக்கு ஒரு ரூபாய் முப்பது பைசா. அந்தக் கடன் தலைமேல் இருக்கும்போது "நாளைக்கு ஏறுமாம்ணே" என்று ஒருவன் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தம்பி, இன்றைக்கே அனுப்பு, நகையை முதலில் மீட்டு எடு, அப்புறம் ரேட் பார்க்கலாம் என்பேன்.

இந்த மாதக் கணக்குக்கெல்லாம் அடங்காத காலமும் வரும். 2013 அப்படித்தான் வந்தது. அந்த வருஷம் மே மாதம் ஒரு வெள்ளி 44 ரூபாய் பக்கம் இருந்தது. மே கடைசி வாக்கில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கே, பணம் அச்சடித்துப் பத்திரம் வாங்குவதைக் குறைக்கப்போவதாகக் கோடி காட்டினார். இந்தியாவிலிருந்து அந்நிய முதலீடு வெளியேறத் தொடங்கியது. ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்க டாலர் 68 ரூபாயைத் தாண்டியது, வெள்ளி 53-க்கு மேல் போனது. சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைய முடியவில்லை. இங்கே வங்கியில் பர்சனல் லோன் எடுத்து ஊருக்கு அனுப்பி டெபாசிட்டில் போட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

அப்போது என் அறையில் இருந்த காரைக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் மனை வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தார். "அறுபது போகும்டா, எல்லாரும் சொல்றாங்க" என்றார். செப்டம்பர் 4-ஆம் தேதி ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்றார். வெளிநாட்டு இந்தியர்கள் அந்நியச் செலாவணியிலேயே போடும் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டைத் திரட்டும் வங்கிகளுக்கு மாற்று விகித ஆபத்தைக் குறைத்துக்கொடுக்கும் சலுகை ஒன்றை அறிவித்தார். அதே மாதம் அமெரிக்காவும் குறைப்பை உடனே தொடங்கவில்லை. அக்டோபரில் வெள்ளி 49 பக்கம் வந்துவிட்டது. 2015-இல் 45 வரைகூட இறங்கியது. 53, 54 என்ற அந்த அளவை நிலையாகத் தாண்ட 2020 ஆனது. அண்ணன் எவ்வளவுக்கு அனுப்பினார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனை விலை மட்டும் அதற்குள் ஏறிவிட்டது என்று அவரே ஒருநாள் சொன்னார்.

அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அறுபது என்று சொன்னவர்களில் வங்கிக்காரர்களும் இருந்தார்கள். வாஷிங்டனிலும் மும்பையிலும் எடுக்கும் முடிவு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? "நாளைக்கு ஏறும்ணே" என்று அவர் சொல்வது வாடிக்கையாளர் மனசு நோகக்கூடாது என்பதற்காக.

வெள்ளி–ரூபாய் ரேட்டில் இரண்டு கயிறு சேர்ந்து இழுக்கிறது. ஒன்று அமெரிக்க டாலருக்கு ரூபாய் எவ்வளவு என்பது. அதுதான் டி.வி.யில் வரும். இன்னொன்று அமெரிக்க டாலருக்கு எதிராக வெள்ளி எப்படி இருக்கிறது என்பது. இதை நம்மவர்கள் பார்ப்பதே இல்லை. 2022 அக்டோபரில் டாலர் 82, 83 ரூபாய் என்று செய்தி ஓடியபோது வெள்ளி 58 பக்கம்தான் இருந்தது. 2023 ஜனவரியில் டாலர் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது, ஆனால் வெள்ளி 61-ஐத் தாண்டியிருந்தது. ரூபாய் விழவில்லை, வெள்ளி ஏறியது. மற்ற நாடுகள் வட்டியைக் கூட்டிக் குறைத்து விலைவாசியைப் பிடிப்பதுபோல் சிங்கப்பூர் நாணய ஆணையம் செய்வதில்லை. 1981 முதல் வெள்ளியின் மதிப்பையே நகர்த்தித்தான் விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. 2021 அக்டோபருக்கும் 2022 அக்டோபருக்கும் இடையே ஐந்து முறை கொள்கையை இறுக்கியது. 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் கொஞ்சம் தளர்த்தியது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்துக்கு நான்கு அறிக்கை வருகிறது. பெரிய தொகை அனுப்ப வேண்டியிருந்தால் அந்த அறிக்கை வரும் வாரத்தில் முழுவதையும் ஒரே நாளில் தள்ளிவிட மாட்டேன். அறிக்கையைப் படித்து ரேட்டைக் கணிக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அன்றைக்கு அது எந்தப் பக்கமும் துள்ளலாம், அவ்வளவுதான்.

நீண்ட காலத்தில் ரூபாய் இறங்கத்தான் செய்கிறது. 2013 மே மாதம் 44, 2025 கடைசியில் கிட்டத்தட்ட 70. அதே டிசம்பரில் அமெரிக்க டாலரும் 90 ரூபாயைத் தாண்டியது. இதைக் காட்டி "காசை வெள்ளியாவே வை, எப்ப வேணா மாத்திக்கலாம்" என்பவர்கள் உண்டு. வருஷக் கணக்கில் பிரித்தால் அந்த ஏற்றம் மூன்றரை, நாலு சதவீதம். இங்கே சேமிப்பில் ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தால் ஐந்தரை. அதே காலத்தில் ஊரில் என்.ஆர்.இ. (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் ஊர் வங்கியில் ரூபாயாக வைக்கும் கணக்கு) நிரந்தர வைப்புக்கு ஏழு சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்த வருஷங்கள் பல. 2011 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அந்த வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்ட பிறகு கொஞ்ச காலம் ஒன்பது வரைகூடக் கொடுத்தார்கள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வருமான வரியும் கிடையாது. ஆக, கடைசியில் ரூபாயாகவே செலவாகப்போகும் காசு என்றால், ரூபாய் விழட்டும் என்று வெள்ளியில் பூட்டி வைத்தவரைவிட அவ்வப்போது அனுப்பி என்.ஆர்.இ.யில் போட்டவர் பல நேரம் முன்னால் இருக்கிறார். ஒரு வருஷத்துக்கு முன் உடைத்தால் வட்டியே இல்லை என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. திரும்ப வெள்ளியாக மாற்ற வேண்டியிருக்கும் காசு என்றால் கணக்கு தலைகீழ். பிள்ளையின் பாலிடெக்னிக் கட்டணத்தை இங்கே கட்டப்போகிறீர்கள் என்றால் அதை ஊருக்கு அனுப்பவே வேண்டாம், எவ்வளவு வட்டி கொடுத்தாலும் சரி.

வீடு கட்டிய கதைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் நான் அதிகம் கற்றது அதில்தான். பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகக் காசு கேட்பார்கள். மேஸ்திரி போன் செய்து, "தம்பி, சென்ட்ரிங் அடிச்சாச்சு, கம்பி கட்டிக்கிட்டு இருக்கோம், வியாழக்கிழமை கான்கிரீட். கலவை மெஷினுக்கும் ஆளுக்கும் சொல்லியாச்சு" என்பார். புதன்கிழமை ரேட் நாற்பது பைசா இறங்கியிருக்கிறது, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று அவரிடம் சொல்ல முடியாது. சென்ட்ரிங் பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை ஓடும். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டால் கட்டிய கம்பி துரு ஏறும். அந்த ஒரு வாரத் தாமதத்துக்கு முன்னால் நாற்பது பைசா ஒன்றுமே இல்லை.

அதனால் வேலை தொடங்கும் முன்பே முதல் இரண்டு கட்டத்துக்கான ரூபாயை என்.ஆர்.இ. கணக்கில் வைத்துவிட்டேன். முதல் கட்டத்துக்குக் காசு போன உடனே மூன்றாவது கட்டத்துக்கான தொகையைத் தேடத் தொடங்கினேன். கையில் எப்போதும் ஒரு கட்டத்துக்கான ரூபாய் தயாராக இருந்ததால் அடுத்ததை அனுப்ப ஐந்தாறு வாரம் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்துக்குள் செல்போனில் ஒரு ரேட் அலர்ட் வைத்துக்கொண்டேன். தொட்டால் அனுப்பினேன். தொடாவிட்டால் தேதி நெருங்கியதும் இருக்கும் ரேட்டுக்கே அனுப்பினேன், வருத்தப்படவும் இல்லை. ரேட் பார்க்கும் வசதி ரூபாயில் கையிருப்பு உள்ளவருக்குத்தான். கையிருப்பு இல்லாதவர் அவசரத்துக்கு அனுப்புபவர், அவருக்கு எந்த ரேட் வாய்க்கிறதோ அதுதான் ரேட்.

அம்மாவின் மாதச் செலவுக்கும் இதே ஏற்பாடு. மூன்று மாதச் செலவு அவர் கணக்கில் எப்போதும் இருக்கும். நான் மாதா மாதம் ஒரே தேதியில் அனுப்புகிறேன், ரேட்டைப் பார்ப்பதே இல்லை. முன்பெல்லாம் நான் போன் பேசினால் அவர் முதலில் கேட்பது, "ஐயா, இந்த மாசம் எப்ப அனுப்புவே, பால்காரனுக்குச் சொல்லணும்" என்பதுதான். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

அடுத்து, எந்த வழியில் அனுப்புவது. நாள் பார்ப்பதில் சேமிப்பதைவிட இதில் சேமிப்பது அதிகம், அதுவும் மாதா மாதம் நிச்சயமாக. கூகுளில் தெரிவது நடு ரேட், வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைக்கு நடுவே உள்ளது. அது நமக்கு அப்படியே கிடைக்காது. அதிலிருந்து எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. "கட்டணம் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருக்கும் இடத்தில் ரேட்டை நாற்பது பைசா குறைத்து வைத்திருப்பார்கள். 3,000 வெள்ளிக்கு அது 1,200 ரூபாய். வைஸ் மாதிரி நடு ரேட்டையே கொடுத்துவிட்டுக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் ஆப்களும் உண்டு. கட்டணம் ஏழு வெள்ளி என்றாலும் 455 ரூபாய்தான். ஆகவே நான் ரேட்டையும் பார்ப்பதில்லை, கட்டணத்தையும் பார்ப்பதில்லை. இவ்வளவு வெள்ளி என் கணக்கிலிருந்து போனால் அங்கே எத்தனை ரூபாய் விழும், அந்த ஒரு எண் மட்டும். இரண்டு மூன்று இடத்தில் ஒரே நிமிஷத்தில் அதைப் பார்த்தால் போதும்.

வெள்ளியாகவே வங்கி வழியாக அனுப்பி, ஊர் வங்கி ரூபாயாக்கினால் மாற்று விகிதத்தில் அவர்கள் பங்கு இருக்கும், மாற்றுக்கு ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து அதற்கு 18 சதவீதம், ஆகக்குறைந்தது 45 ரூபாய். இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் வந்த தொகை ஏன் குறைகிறது என்று தலையைச் சொறிய வேண்டாமே. சின்னத் தொகைக்கு 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய பேநவ்–யு.பி.ஐ. இணைப்பு வசதியானது. பேநவ் என்பது யு.பி.ஐ. மாதிரி சிங்கப்பூரில் செல்போனிலேயே பணம் அனுப்பும் முறை. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், அதாவது ஆயிரம் வெள்ளி அளவு, என்று வரம்பு வைத்துத் தொடங்கினார்கள். தங்கைக்கு அவசரமாக மருத்துவச் செலவு என்றால் அதுவே போதும். அங்கேயும் ரேட்டைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். அந்நியச் செலாவணிச் சந்தை நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை மூடி, திங்கட்கிழமை விடியற்காலைதான் திறக்கும். நடுவே ஏதாவது நடந்து திங்களன்று ரேட் மாறினால் தங்களுக்கு அடி விழக்கூடாது என்று கடைகளும் ஆப்களும் கொஞ்சம் குறைத்தே தரும். முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ வாங்குவது மாதிரிதான். லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், கடைக்கு நேரில் போய்த்தான் அனுப்புவேன் என்பவர்கள் பெரிய தொகையாக இருந்தால் கவுன்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். போர்டில் இருப்பதைவிட அஞ்சு பைசா சேர்த்துத் தருவார்கள். பக்கத்துக் கடை போர்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

உண்டியலில், அதாவது உரிமம் இல்லாத தனி ஆட்கள் வழியாக, அனுப்பினால் ஒரு ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று எப்போதும் யாராவது சொல்வார்கள். தரத்தான் செய்வார்கள். காசு போய்ச் சேரவில்லை என்றால் ரசீது எங்கே, யாரிடம் போய்க் கேட்பீர்கள்? சட்டத்துக்குப் புறம்பானது என்பது இருக்கட்டும். அந்தப் பணத்தை வைத்து நாளைக்கு நிலம் வாங்கும்போது, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் காட்ட ஒரு தாள் இருக்காது. என்.ஆர்.இ. கணக்கில் வந்த பணத்துக்கு வங்கிப் பதிவே சாட்சி.

ரூபாய் நோட்டாக வாங்கி அலமாரியில் வைப்பதும் தேவையில்லாத வேலை. ஊருக்குப் போகும்போது திருச்சி விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கும் டீக்கும் கொஞ்சம் வேண்டும், சரி. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது இங்கே பலர் கையில் நோட்டு மாட்டிக்கொண்டது. வெளிநாட்டு இந்தியர்களுக்கு 2017 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் ரிசர்வ் வங்கியின் சில அலுவலகங்களில் மட்டும்தான். மூவாயிரம் ரூபாய்க்காக யார் டிக்கெட் போட்டுக்கொண்டு சென்னை போவது?

ஒரேயடியாக ஊர் திரும்பும்போது கேள்வி கொஞ்சம் மாறும். வேலையை விடப்போவதைச் சொன்னதும் வரிக் கணக்கு முடியும்வரை கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும், அதுதான் இங்கே நடைமுறை. அந்தத் தொகை எப்போது வரும், அன்றைக்கு ரேட் எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால் ஊரில் இறங்கியதும் ஆகும் முதல் நாலைந்து மாதச் செலவை ரூபாயாக முன்னாலேயே அனுப்பி வைத்துவிட வேண்டும். மீதி மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் இந்திய வங்கியில் ஆர்.எஃப்.சி. கணக்கு தொடங்கி அந்நியச் செலாவணியாகவே வைத்துக்கொள்ளலாம், தேவைப்படும்போது ரூபாயாக்கலாம். எந்தெந்த நாணயத்தில் வைக்கலாம், கிளம்புவதற்கு எத்தனை நாள் முன்னால் என்னென்ன தாள் வேண்டும் என்பதை இங்கே இருக்கும்போதே ஊர்க் கிளையில் கேட்டு வைத்துவிடுங்கள். இங்குள்ள வங்கிக் கணக்கையும் கடைசிச் சம்பளம் வந்து சேரும்வரை மூட வேண்டாம்.